குப்பி திரும்பி வருவதற்குள்

1937 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் பிரிஸ்டல் நகரிலிருந்து ஒரு புதிய மருந்து கடைகளுக்குப் போனது. தயாரானது மொத்தம் 240 காலன். அதில் 234 காலனும் ஒரு பைண்டும் பிறகு திரும்பக் கைப்பற்றப்பட்டன. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கும் மேல். இன்றைக்கு எந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையாவது இப்படி ஒரு கணக்கைக் காட்டினால் பாராட்டுவார்கள். கைக்கு வராமல் போனது ஆறு காலனுக்கும் சற்றுக் குறைவு. 105 பேர் இறந்தார்கள். அவர்களில் 34 பேர் குழந்தைகள்.

அந்த மருந்தின் பெயர் எலிக்சிர் சல்ஃபானிலமைடு. சல்ஃபானிலமைடு, தொண்டைப்புண் முதலிய தொற்றுகளுக்கு மாத்திரையாகவும் பொடியாகவும் ஏற்கெனவே நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சரக்குதான். தென்மாநிலங்களில் இதைத் திரவமாகக் கேட்கிறார்கள் என்று விற்பனையாளர் ஒருவர் சொல்ல, அதைத் தயாரித்த மாசெங்கில் நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் ஹெரால்ட் வாட்கின்ஸ் அதைக் கரைக்க ஒரு திரவத்தைத் தேடினார். டைஎத்திலீன் கிளைக்காலில் அது நன்றாகக் கரைந்தது. ராஸ்பெரி வாசனை சேர்த்தார்கள். நிறம், மணம், சுவை மூன்றையும் சோதித்தார்கள். உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்பதைச் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று அன்றைய சட்டமும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவிலிருந்து சாவுச் செய்திகள் வந்தன. நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தந்திகளை அனுப்பி மருந்தைத் திருப்பி அனுப்பச் சொன்னது. எதற்காக என்று அந்தத் தந்தியில் இல்லை. உயிருக்கு ஆபத்து என்ற சொற்களோடு இரண்டாவது தந்தி அனுப்ப வைத்தது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். அதோடு தன் களப் பணியாளர்களில் ஏறக்குறைய எல்லோரையும், 239 பேரை, தெருவில் இறக்கியது. கடைப் பேரேடுகளில் வாங்கியவர் பெயர் பாதிதான் இருந்தது. சிலவற்றில் முகவரியே இல்லை. மருந்து வாங்கிய கையோடு மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்ட ஒரு குடும்பத்தின் மூன்று வயதுப் பையனைத் தேடி ஓர் அதிகாரி அலைந்தார். அவருக்குத் துணையாகப் போக ஒரு மருத்துவர் தன் கல்யாணத்தையே தள்ளிவைத்தார். மருந்தை அழித்துவிட்டேன் என்று ஒரு பெண் சொன்னார். எப்படி என்று கேட்டபோது, ஜன்னல் வழியே சந்தில் எறிந்ததாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் குப்பி உடையாமல், லேபிள் கிழியாமல் கிடந்தது. உள்ளே இருந்த மருந்து எந்தக் குழந்தையையும் கொல்லப் போதுமானது.

நீதிமன்றத்தில் நிறுவனத்தின் மேல் சுமத்தப்பட்ட குற்றம் கொலை அல்ல, அலட்சியமும் அல்ல. தவறான பெயரிடுதல். 'எலிக்சிர்' என்றால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை. 'கரைசல்' என்று பெயர் வைத்திருந்தால் அந்த 234 காலனைக் கைப்பற்றக்கூட அரசுக்கு அதிகாரம் இருந்திருக்காது. விற்பனைக்கு முன்பே மருந்தின் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1938 ஜூனில் வந்தது.

டைஎத்திலீன் கிளைக்கால் நிறமற்றது, கெட்டியானது, இனிப்பானது. பிரேக் திரவத்திலும் பெயின்டிலும் பிசின் தயாரிப்பிலும் பயன்படுகிறது. சிரப்புகளில் நியாயமாகச் சேர்க்கப்படும் கிளிசரின், புரோபிலீன் கிளைக்கால் இரண்டோடும் கண்ணாலும் மூக்காலும் நாக்காலும் பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒத்திருக்கிறது. விலை அவற்றைவிடக் குறைவு. கதையின் முக்கால் பங்கு இந்த ஒரு வரியில் இருக்கிறது. உடம்பு இதைச் சிதைக்கும்போது டைகிளைக்காலிக் அமிலம் உண்டாகிறது. சிறுநீரகத்தின் நுண்குழல்களிலுள்ள செல்களை அது அழிக்கிறது. முதலில் வாந்தி, வயிற்றுவலி. இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறைகிறது, பிறகு நிற்கிறது. அதற்குப் பின் நரம்புகள் தாக்கப்படுகின்றன, நினைவு தப்புகிறது. காய்ச்சலுக்கும் சளிக்கும் மருந்து குடித்த குழந்தை என்பதால், தொடக்கத்தில் நோய்தான் முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மருந்தின் மேல் சந்தேகம் வருவதற்குள் அடுத்த தெருவில் இன்னொரு குழந்தை அதே குப்பியிலிருந்து ஒரு மூடி குடித்திருக்கும்.

1937-க்குப் பிறகு இந்த நஞ்சைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அது போன ஊர்களின் பட்டியல் நீளம். 1970-களின் தொடக்கத்தில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் 14 குழந்தைகள். 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரின் கொடுக்கப்பட்ட நோயாளிகள் 14 பேர். அதை விசாரித்த நீதிபதி லென்டின் ஆணையத்தின் அறிக்கை மருந்துக் கொள்முதலிலிருந்து அமைச்சரகம் வரை ஊழலை விரித்துக் காட்டியது. 1990-களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் பாராசிட்டமால் சிரப் குடித்த நூற்றுக்கணக்கான குழந்தைகள். 1996-இல் ஹெய்ட்டி. 1998-இல் தில்லியை ஒட்டிய குர்காவ்னில் 33 குழந்தைகள். 2006-இல் பனாமா. 2008-இல் நைஜீரியா, பல் முளைக்கும் குழந்தைகளுக்கான மருந்து. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2022-இல் ஒரே ஆண்டில் மூன்று நாடுகள்: காம்பியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான். இவற்றில் காம்பியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் போனவை இந்தியாவில் தயாரான சிரப்புகள். காம்பியாவில் மட்டும் இறந்த குழந்தைகள் சுமார் எழுபது.

2025-இல் முறை நம் வாசலுக்கு வந்தது.

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரேசன் பார்மசூட்டிகல் என்ற சிறு நிறுவனம். 2011 முதல் தமிழ்நாடு அரசின் உரிமத்தோடு இயங்கியது. அது தயாரித்த 'கோல்ட்ரிஃப்' என்ற சளி மருந்தில், 2025 மே மாதத்தில் தயாரான எஸ்.ஆர்-13 என்ற பேட்ச், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்துக்குப் போனது. செப்டம்பரில் அங்கே பராசியா வட்டாரத்துக் குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோகத் தொடங்கியது. பலரை நாக்பூர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குள்.

அக்டோபர் 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து தமிழ்நாட்டுக்குத் தகவல் வந்தது. ஆயுதபூஜை, காந்தி ஜெயந்தி விடுமுறை நாட்கள். அந்த நாட்களிலேயே தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலைக்குள் போனது, மாதிரி எடுத்தது, சென்னை அரசு ஆய்வகத்தில் சோதித்தது, விற்பனைக்குத் தடை போட்டது. முடிவு: 100 மில்லிலிட்டரில் 48.6 கிராம் டைஎத்திலீன் கிளைக்கால். ஏற்கக்கூடிய வரம்பு 0.1 விழுக்காடு. ஒரு தேக்கரண்டி மருந்தில் இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவான நஞ்சு. இது கலப்படம் என்ற சொல்லுக்கே அடங்காத அளவு. குப்பியில் ஏறத்தாழ பாதி அதுதான்.

அதே நாட்களில் மத்திய சுகாதார அமைச்சகம், அதுவரை சோதித்த மாதிரிகளில் இந்த நஞ்சு இல்லை என்று அறிவித்தது. சோதித்த மாதிரிகளைப் பற்றி அது சொன்னது சரியாகவே இருக்கலாம். சோதிக்காத குப்பிகளைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் பாதிக் குப்பி வைத்திருக்கும் ஒரு தாய் அதை எப்படி வாசித்திருப்பார் என்பதை அறிவிப்பு எழுதியவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

ஆலையை ஆய்வு செய்தவர்கள் 350-க்கும் மேற்பட்ட குறைபாடுகளைப் பட்டியலிட்டார்கள். மருந்துத் தரத்தில் இல்லாத புரோபிலீன் கிளைக்காலை வாங்கியிருந்ததும், அதில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்காததும் அவற்றில் அடக்கம். அக்டோபர் 13-ஆம் தேதி உரிமம் ரத்தானது, ஆலை மூடப்பட்டது, உரிமையாளர் அதற்கு முன்பே கைதாகியிருந்தார். ஆய்வுக்கு ஒழுங்காகப் போகாத மூத்த மருந்து ஆய்வாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு நாளில் நஞ்சைக் கண்டுபிடித்ததும், அதற்கு முன் ஆலையை எட்டிப் பார்க்காததும் ஒரே துறை. ஆய்வகம் இருந்தது, வேதியியலாளர்கள் இருந்தார்கள், கருவி இருந்தது, சட்டம் கொடுத்த அதிகாரமும் இருந்தது. மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் இடையே அந்தப் பேட்சின் மேல் அந்தத் துறை அவற்றைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். 350 குறைபாடுகள் ஒரே இரவில் முளைத்திருக்க வாய்ப்பில்லை.

பிறகு திரும்பப் பெறுதல். மத்தியப் பிரதேச அரசு ஆஷா பணியாளர்களை வீடு வீடாக அனுப்பிக் குப்பிகளைத் திரட்டச் சொன்னது. காம்பியாவிலும் இதையேதான் செய்தார்கள். இறக்குமதியான 50,000 குப்பிகளில் 41,000 அளவுக்கு மீட்டார்கள். 1937-இல் அமெரிக்க அதிகாரிகள் செய்ததும் இதுதான். எண்பத்தெட்டு ஆண்டுகளில் தந்தி போய்க் கைப்பேசி வந்திருக்கிறது. கதவைத் தட்டி, 'உங்கள் வீட்டில் இந்த மருந்து இருக்கிறதா' என்று கேட்பதைவிட நம்பகமான வழி இன்னும் வரவில்லை. அந்தக் கதவுகளைத் தட்டியவர்கள் மாதச் சம்பளம்கூட இல்லாத, ஊக்கத்தொகையில் வேலை பார்க்கும் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இந்தியாவில் மருந்தைத் திரும்பப் பெறுவதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. மருந்து விதிகளில், உற்பத்தி உரிமத்துக்கான நிபந்தனைகளில் ஒன்றாக அது வருகிறது: தரமற்றது என்று உரிமம் வழங்கும் அதிகாரி தெரிவித்தால், எஞ்சிய சரக்கை விற்பனையிலிருந்து விலக்கி, ஏற்கெனவே வெளியே போனதை 'இயன்றவரை' திரும்பப் பெற வேண்டும். எது இயன்றது என்பதைத் தீர்மானிப்பது நடைமுறையில் நிறுவனமே. 2012-இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு விரிவான வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. ஆபத்தை மூன்று வகுப்பாகப் பிரித்து, உயிருக்கு ஆபத்தான முதல் வகுப்பென்றால் 24 மணி நேரத்தில் தொடங்கி அதிகபட்சம் 72 மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றது. நல்ல ஆவணம். ஆனால் வழிகாட்டுதல்தான். மீறினால் தண்டனை என்ன என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

பொதுவான நுகர்பொருட்களுக்கு நிலைமை ஏட்டளவில் மேல். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2020-இல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் உண்டு. 2022-இல் அது அதைப் பயன்படுத்தியது. கட்டாயத் தர முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்றதற்காக அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அமேசானில் 2,265 குக்கர், ஃபிளிப்கார்ட்டில் 598. இணையக் கடையில் வாங்கியதால் ஒவ்வொரு குக்கரும் எந்த வீட்டுக்குப் போனது என்று அந்த நிறுவனங்களுக்குத் தெரியும். தெருமுனை மருந்துக்கடையில் ரசீது இல்லாமல் கைமாறிய சிரப்புக்கு அந்த வசதி கிடையாது. குக்கருக்கு இருக்கும் முகவரி குழந்தை குடிக்கும் மருந்துக்கு இல்லை.

உரிமம் கொடுப்பது மாநிலம். மருந்து போவது எங்கு வேண்டுமானாலும். இதுதான் இந்திய ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு என்று நினைக்கிறேன். ராம்நகர் குழந்தைகள் குடித்த மருந்து இமாசலத்தில் தயாரானது. காம்பியாவுக்குப் போனது ஹரியானாவிலிருந்து. சிந்த்வாடாவுக்குப் போனது நம்மிடமிருந்து. அதே நிறுவனத்தின் சரக்கு ஒடிசாவுக்கும் புதுச்சேரிக்கும் போயிருந்தது. சாகிற ஊரில் இருக்கும் அதிகாரிக்கு ஆலைக்குள் நுழைய அதிகாரம் இல்லை. ஆலை இருக்கும் ஊரில் யாரும் சாகவில்லை என்பதால் அங்குள்ள அதிகாரிக்கு அவசரம் இல்லை. இடையில் கடிதங்கள் பயணம் செய்கின்றன. இந்த முறை கடிதம் வேகமாகப் போனது. ராம்நகர் விஷயத்தில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

காம்பியாவுக்குப் பிறகு மத்திய அரசு ஒரு நடவடிக்கை எடுத்தது. 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் சிரப் ஒவ்வொன்றும் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற பிறகே கப்பலேற முடியும். உள்நாட்டில் விற்கும் சிரப்புக்கு அப்படி எந்தக் கட்டாயமும் விதிக்கப்படவில்லை. வெளிநாட்டுக் குழந்தைக்கு ஒரு சோதனை கூடுதல்; பராசியாவின் குழந்தைக்கு உற்பத்தியாளரின் வாக்குமூலம் போதும். ஏற்றுமதியில் நாட்டின் பெயர் கெட்டது, அதைச் சரிசெய்யச் சோதனை வந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. சிந்த்வாடாவுக்குப் பிறகு, 2025 அக்டோபரில், தலைமை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி எல்லா மாநிலங்களுக்கும் எழுதினார்: கச்சாப்பொருட்களின் ஒவ்வொரு பேட்சையும் சோதிப்பதை உறுதிசெய்யுங்கள். அது விதிகளில் ஏற்கெனவே இருந்ததுதான்.

சோதனை என்றவுடன் பெரிய செலவு என்று தோன்றும். அப்படி இல்லை. கிளிசரினிலோ புரோபிலீன் கிளைக்காலிலோ டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கிறதா என்று பார்க்க மென்படல நிறப்பிரிகை என்ற எளிய முறை உண்டு. கல்லூரி வேதியியல் மாணவர் செய்யக்கூடியது. துல்லியமாக அளக்க வாயு நிறப்பிரிகைக் கருவி வேண்டும்; அது இல்லாத சிறு நிறுவனம் வெளி ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம். டிரம் ஆலைக்குள் வந்து, மூடி திறந்து, சிரப் காய்ச்சும் தொட்டியில் ஊற்றப்படுவதற்கு முன் அந்த ஒரு சோதனை நடந்தால் மேலே உள்ள பட்டியலில் எந்த ஊரும் இருந்திருக்காது. அந்தக் கணத்தைத் தாண்டிவிட்டால் நஞ்சு ஆயிரக்கணக்கான குப்பிகளாகப் பிரிந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு அதிகாரிகளை இறக்கினாலும் கூட்டிப் பெருக்கி அள்ளும் வேலைதான்.

அந்தச் சோதனை ஏன் நடப்பதில்லை? பனாமாவின் கதை இதற்கு நல்ல விடை. அங்கே 2006-இல் அரசுச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமே தயாரித்த இருமல் மருந்தில் நஞ்சு இருந்தது. இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். சரக்கு சீனாவின் ஒரு சிறு ஆலையிலிருந்து புறப்பட்டு, பெய்ஜிங்கில் ஒரு வர்த்தக நிறுவனம், பார்சிலோனாவில் ஒரு தரகு நிறுவனம், பனாமாவில் ஓர் இறக்குமதியாளர் என்று கைமாறியது. ஒவ்வொரு கையிலும் பழைய தரச்சான்று புதிய தாளில் நகலெடுக்கப்பட்டது. தயாரித்த ஆலையின் பெயர் வழியில் எங்கோ மறைந்துபோனது. டிரம் மூன்று கண்டங்களைக் கடந்தது. வழியில் ஒருவரும் அதைத் திறந்து சோதிக்கவில்லை. எல்லோரும் தாளைத்தான் வாங்கி விற்றார்கள். இந்தோனேசியாவில் 2022-இல் இன்னும் துணிச்சலாக நடந்தது: தொழிற்சாலைத் தரச் சரக்கை நிரப்பிய டிரம்களில் பெயர்பெற்ற பன்னாட்டு நிறுவனத்தின் லேபிளை ஒட்டினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பின் ஒரு மருந்து நிறுவனத்தின் நிர்வாகிகள் சிறைக்குப் போனார்கள், தண்டனை இரண்டாண்டு.

பனாமாவைச் சொன்னதால் இன்னொன்று. அந்தச் சாவுகளுக்கு மறு ஆண்டு, பனாமா நகரத்தின் ஒரு கடையில் அரசு ஊழியர் ஒருவர் மலிவு விலைப் பற்பசைக் குழாய் ஒன்றின் லேபிளைப் படித்தார். பொருட்பட்டியலில் டைஎத்திலீன் கிளைக்கால் என்று பச்சையாக அச்சிட்டிருந்தது. யாரும் மறைக்கவே இல்லை. சுங்கத்தைத் தாண்டி, சுகாதாரத் துறையைத் தாண்டி, அலமாரிக்கு வந்திருந்தது. அவர் ஒரு குழாயை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடந்து புகார் கொடுத்தார். அதன் பின் பல நாடுகள் அந்தச் சீனப் பற்பசைகளைக் கடைகளிலிருந்து அகற்றின. உலகளாவிய ஒரு திரும்பப் பெறுதலைத் தொடங்கிவைத்தது லேபிளைப் படித்த ஒரு வாடிக்கையாளர். இதை நுகர்வோர் விழிப்புணர்வின் வெற்றி என்று எழுதுவார்கள். அத்தனை மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த லேபிளைப் படிப்பதுதான் வேலை என்பதை நினைத்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் நாட்டில் மத்திய அமைப்பு மாதந்தோறும் தரமற்ற மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. பேட்ச் எண், நிறுவனம், என்ன குறை என்பதோடு இணையத்தில் யாரும் பார்க்கலாம். பயனுள்ள வேலைதான். ஆனால் கடையில் மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்து, பட்டியல் ஏறுவதற்குள் அந்தப் பேட்ச் பெரும்பாலும் விற்றுத் தீர்ந்திருக்கும். அந்தப் பட்டியல் உங்கள் தெரு மருந்துக்கடையில் ஒட்டப்பட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சிறு நகரங்களில் அந்தப் பட்டியலைத் தேடி வாசிக்கும் கடைக்காரர் அபூர்வம்.

2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களின் உறைகளில் கியூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. கைப்பேசியில் பிடித்தால் தயாரிப்பாளர், பேட்ச், காலாவதித் தேதி தெரியும். பெரிய நிறுவனங்களின் பிரபல மாத்திரைகள் போலியா என்று பார்க்க உதவும். நாலைந்து மாவட்டங்களில் மட்டும் விலைபோகும் சிறு நிறுவனச் சிரப்புகள் இந்த 300-க்குள் வருவதில்லை. ஆபத்து மிகுதியாக இருக்கும் இடத்துக்குக் குறியீடு போகவில்லை. பணம் மிகுதியாகப் புழங்கும் இடத்துக்குப் போயிருக்கிறது. குறியீடு இருந்தாலும் அது குப்பி எங்கிருந்து வந்தது என்றுதான் சொல்லும். யார் வாங்கிப் போனார் என்று சொல்லாது. திரும்பப் பெறத் தேவைப்படுவது இரண்டாவது விவரம்.

சிந்த்வாடா முடிந்துபோன நிகழ்வு அல்ல. கரைப்பானின் விலை வித்தியாசம் அப்படியே இருக்கிறது. சில்லறைச் சரக்காகக் கிளைக்கால் விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள். நல்ல உற்பத்தி நடைமுறைக்கான திருத்திய விதிகளுக்குச் சிறு நிறுவனங்கள் தவணை கேட்டுக்கொண்டே இருந்தன; அரசும் 2025 டிசம்பர் கடைசி வரை தவணை கொடுத்திருந்தது. சளிச் சிரப்பை எழுதிக் கொடுக்கும் மருத்துவர்களும் கேட்டு வாங்கும் பெற்றோரும் குறையவில்லை. இவ்வளவும் ஓரிடத்தில் கூடினால் என்ன நடக்கும் என்பது 1937 முதல் தெரிந்த விஷயம்.

அதனால் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. முதலாவது, அந்தச் சிரப் தேவைதானா என்று கேட்பது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககமே அறிவுறுத்தியிருக்கிறது. கோல்ட்ரிஃபில் இருந்த குளோர்பெனிரமின், ஃபீனைலெஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று உறையில் அச்சிட வேண்டும் என்ற உத்தரவு 2023 டிசம்பரிலேயே வந்தது. குழந்தைகளின் சாதாரணச் சளி பெரும்பாலும் தானாக அடங்குவது. நஞ்சே கலக்காத சிரப்பும் அதை விரைவாக்குவதில்லை. இதை மருத்துவர் சொன்னால் நம்ப மாட்டோம், மருந்து எழுதித் தராத மருத்துவரை மாற்றிவிடுவோம் என்பதும் உண்மைதான்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் ரசீது கேட்டு வாங்குங்கள். அதில் பேட்ச் எண் இருக்க வேண்டும். குப்பியின் உறையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன மழைக்காலத்தில் மீந்த சிரப்பை இந்த மழைக்காலத்துக்கு வைத்திருக்காதீர்கள்; பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மருந்துக்குத் தடை என்று செய்தி வந்தால், பெயரோடு பேட்ச் எண்ணையும் ஒத்துப்பாருங்கள். ஒத்துவந்தால் குப்பையிலோ சாக்கடையிலோ போடாமல் மருந்து ஆய்வாளர் அலுவலகத்திலோ வாங்கிய கடையிலோ ஒப்படையுங்கள்.

சிரப் குடித்த குழந்தைக்கு வாந்தி தொடர்ந்தாலோ, ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று சிறுநீர் போகாமல் இருந்தாலோ, அசாதாரணமாகத் தூங்கி விழுந்தாலோ, காய்ச்சல் குறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. சிறுநீரகம் செயலிழக்கும் முன் கொடுத்தால்தான் பலன். போகும்போது குழந்தை குடித்த எல்லா மருந்துக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். காலியாகிவிட்டது என்று கழுவி வைக்காதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் சில துளிகள் ஆய்வகத்துக்குப் போதும்.